நூறு வயலின்

“செத்த பிள்ளையக் கொண்டாந்து வாசல்ல கெடத்தியிருக்கு. தாய்க்காரி கதவைத் தெறக்கா. அந்த நேரத்துல நூறு வயலின் எதுக்குட்டி? நூறு பேரும் அவளைத் தள்ளிட்டு முன்னால வந்து நிக்கானுவ.”

“ஈ.கே.ன்னாலே ஒங்களுக்கு ஆகாது அக்கா. எனக்கு அந்த எடத்துல ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு.”

“வயலினுக்குப் புல்லரிச்சுது. பிள்ளைக்கு?”

“ரெண்டுக்கும்தான்.”

“பொய் சொல்லாத. அந்தப் பிள்ளை மொகம் ஞாபகம் இருக்கா ஒனக்கு?”

தங்கச்சி ஏதோ மழுப்பினாள். அக்கா விடுவாளா?

“அந்த எடத்துல வாயைப் பொத்திட்டு இருந்திருக்கணும். நம்பலைன்னா ஒண்ணு செய்வோம். நமக்குப் பின்னால ஓடுத புல்லாங்குழலை நிறுத்து. அரை நிமிஷம் நீயும் பேசாத, நானும் பேசல. கேக்குதவங்க கண்ணை மூடிக்கிட்டு அந்தத் தாய் கதவைத் தெறக்கதை நெனச்சுப் பாக்கட்டும்.”

பிறகு அரை நிமிடம் இருவரும் பேசவில்லை.

‘பெஞ்சு டிக்கெட்’ என்ற பெயரில் வாரம் ஒருமுறை யூடியூபில் வரும் பேச்சு அது. முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும்தான். பெயரும் கிடையாது, அக்கா, தங்கச்சி, அவ்வளவுதான். அக்கா என்பது உமா மகேஸ்வரி. குற்றாலத்தில் ஐந்தருவி போகும் சாலையில் வீடு. மாடியில் இரண்டு அறைகளைச் சீசனுக்கு வாடகைக்கு விடுகிறவள். தங்கச்சி என்பது கடையநல்லூர் பர்சானா. தென்காசித் தியேட்டர் ஒன்றில் பெண்கள் வரிசையில் முன்னால் நிற்பது யார் என்று சண்டை போட்டு, இடைவேளையில் ஒரே பாப்கார்னைத் தின்று சிநேகமானவர்கள். உமாவுக்கு இசையமைப்பாளர் என்றால் பழைய சங்கரநாதன். பர்சானாவுக்கு எட்வின் கதிர், ரசிகர்கள் வாயில் ஈ.கே. இருவரும் போனில் அடித்துக்கொள்வதைப் பர்சானா பதிவு செய்து, அடியில் சங்கரநாதனின் புல்லாங்குழலை மெல்ல ஓடவிட்டு ஏற்றிவிடுவாள். அக்காவின் வாய்க்காகவே கேட்கிறவர்கள் நிறையப் பேர்.

‘ஏழாம் கொம்பு’ படத்தைப் பற்றிய அந்தப் பேச்சு ஏறிய சில நாளில் பர்சானா கூப்பிட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

“உமாக்கா, பக்கத்துல ஆரும் இருக்காவளா?”

“வடிவம்மா மாடியில கூட்டுதா. என்னட்டி, அழுதியா?”

“கமெண்டு பாத்தியளா?”

“திட்டுதானுவ. திட்டட்டும். ஈ.கே. ஆளுவ திட்டாத நாள் எது?”

“திட்டு இல்லக்கா. ‘குத்தாலத்துலதான் இருக்கா, வாரோம்’னு ஒருத்தன் போட்டிருக்கான். அதுக்குக் கீழ நூறு பேரு வயலின் பொம்மை போட்டிருக்கானுவ.”

உமா நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

“குத்தாலம்னு எப்பிடித் தெரியும்? நாம ஊர் பேரே சொன்னதில்லயே.”

“அந்த அரை நிமிஷம்தான் அக்கா. புல்லாங்குழல் இருந்தவரைக்கும் எல்லாச் சத்தமும் அதுக்கு அடியில மறைஞ்சு கெடந்துது. நாம அதை எடுத்துட்டோம்லா. பின்னால அருவி சைரன் ஊதுது. லேசாத்தான். நானும் கவனிக்கல, நீங்களும் கவனிக்கல. அவனுவ கவனிச்சுட்டானுவ.”

அருவியில் தண்ணீர் கூடும்போது குளிப்பவர்களை வெளியே விரட்ட ஊதும் சைரன் அது. சீசனில் அடிக்கடி ஊதும். உள்ளூர்க்காரர்கள் அதற்குத் தலையைத் தூக்குவதுகூட இல்லை. ஆனால் ஈ.கே. ரசிகர்கள் வேறு ஜாதி. ஒரு பாட்டில் எத்தனையாவது நொடியில் உடுக்கை உள்ளே வருகிறது என்று பந்தயம் கட்டுகிறவர்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த அரை நிமிடத்தையும் ஒரு பாட்டைப் போலவே அலசியிருக்கிறார்கள்.

“மதுரைப் பையனை ஞாபகம் இருக்குல்லா?” என்றாள் பர்சானா.

ஞாபகம் இல்லாமல் என்ன. ஈ.கே. போடுகிற மெட்டெல்லாம் ஒரே அச்சு என்று சொன்ன பையன். செல்போன் கடை வைத்திருந்தான். கடைக்குள் புகுந்து, ஷட்டரைப் பாதி இறக்கி, முழங்காலில் நிற்க வைத்து, ஈ.கே. படத்துக்கு முன்னால் மன்னிப்புக் கேட்க வைத்து வீடியோ எடுத்தார்கள். அது ஊரெல்லாம் ஓடியது. பையன் கடையைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான் என்று கேள்வி.

“போலீஸ்ல சொல்லுவமா அக்கா?”

“என்னன்னு சொல்ல? வயலின் நல்லால்லன்னு சொன்னேன், அடிக்க வாரான்னா? அந்த ஏட்டையாவே ஈ.கே. ஆளா இருந்தா?”

“நான் பதிவை எடுத்துட்டேன். ஆனா அவனுவகிட்ட காப்பி இருக்கு. உமாக்கா, ஒங்க மொகம் ஆருக்கும் தெரியாது. கொரல் மட்டும்தான் தெரியும். தெரியாத ஆளு ஆரு வந்தாலும் வாயைத் தெறக்காதிய.”

“நானா? வாயைத் தெறக்காமயா?”

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். பாதியில் நின்றுவிட்டது.

மறுநாள் மத்தியானம் சாரல் பிடித்துக்கொண்டது. மாடியில் இருந்த குடும்பம் காலையிலேயே குளித்து முடித்துக் கிளம்பிப் போயிருந்தது. உமாவின் வீட்டுக்காரர் விஜயசங்கர் தென்காசியில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவார். வீட்டில் உமாவும், அறைகளைப் பார்த்துக்கொள்ளும் வடிவம்மாளும் மட்டும். வடிவம்மாள் வாசலில் மிதியடியை உதறிக்கொண்டிருந்தபோது ஒரு பைக் வந்து நின்றது.

“ரூம் இருக்கா ஆச்சி?”

“இருக்கு இருக்கு. எத்தன பேரு?”

“ரெண்டு பேருதான். திருநெல்வேலியிலேருந்து வாரோம். நான் செந்தில்வேல், இவன் பேச்சிராஜ்.”

உமா கூடத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். முன்னால் வந்தவன் உயரமானவன். கேட்டைத் தள்ளிய கையின் மணிக்கட்டில் பச்சை குத்தியிருந்தான். ஈ, கே. இரண்டே எழுத்து.

உமாவுக்குக் கதவைச் சாத்தலாமா என்று கை பரபரத்தது. சாத்தினால் ஏன் என்று கேட்பான். அதற்குள் அவன் நேரே அவளைப் பார்த்து, “வணக்கம்க்கா, வாடகை எவ்வளவு?” என்று கேட்டுவிட்டான்.

உமா தொண்டையைத் தொட்டுக் காட்டித் தலையை ஆட்டினாள்.

“என்ன உமாம்மா, காலையில நல்லாத்தான பேசுனிய?” என்றாள் வடிவம்மாள்.

உமா மறுபடியும் தொண்டையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. நடிப்பல்ல.

“சாரல் அப்பிடித்தான் தம்பி. நேத்து எனக்கு. இன்னைக்கு அவாளுக்கு. கட்டிப் போச்சு. வாடகையை எங்கிட்ட பேசுங்க, நான்தான் இங்கன மேனேஜர்” என்று வடிவம்மாள் சிரித்தாள்.

செந்தில்வேலும் சிரித்தான். மற்றவன், பேச்சிராஜ், ஒல்லியாக, தோளில் ஒரு பையும் பையில் தொங்கும் சின்ன ஸ்பீக்கருமாக, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். வடிவம்மாள் அவனை மாடிக்கு அழைத்துப் போய் அறையைக் காட்டி வந்தாள். திரும்பியதும் செந்தில்வேல் கேட்டது அறையைப் பற்றியல்ல.

“தண்ணி எப்பிடி ஆச்சி? போன வருஷம் ஒரு எடத்துல சோப்பைப் போட்டுட்டு நின்னுட்டோம். மோட்டாரைப் போடுங்க. டேங்க் நெறையுதான்னு பாத்துட்டு அட்வான்ஸ் தாரோம்.”

“குத்தாலத்துல வந்து தண்ணி இருக்கான்னு கேக்குத மொத ஆளு நீதான்லே. காலி டேங்கு, நெறைய அரை மணி நேரம் ஆகும்.”

“இருந்து பாக்கோம்.”

வடிவம்மாள் மோட்டாரைப் போட்டாள். பால் இல்லை, வாங்கிவந்து டீ போடுகிறேன் என்று முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு சாரலில் இறங்கிப் போனாள்.

டேங்க் நிறைவதைப் பார்க்க ஏன் உட்கார வேண்டும் என்று உமாவுக்குப் புரியவில்லை. அவள் சமையலறை வாசலில் நின்றாள். செந்தில்வேல் ஸ்பீக்கரை மேஜைமேல் வைத்தான்.

“இன்னொரு தடவை போடுலே. மோட்டார் சத்தத்தோட ஒத்துப் பாப்போம்.”

முதலில் அவளுடைய குரலே வந்தது. ‘அரை நிமிஷம் நீயும் பேசாத, நானும் பேசல.’ தன் குரல் தன் வீட்டுக் கூடத்தில், தன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அந்நியனின் ஸ்பீக்கரிலிருந்து வருவதை உமா கேட்டாள். பிறகு மௌனம். அவர்கள் ஏதோ செய்து அந்த மௌனத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள். காற்று இரைந்தது. தூரத்தில் சைரன். சைரன் அடங்கும் இடத்தில், சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் ஒரு பெண்குரல்.

‘தண்ணீர் நிறை... தண்ணீர் நிறை... தண்ணீர் நிறை...’

உமா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

டேங்க் நிறைந்தால் சத்தம் கொடுக்கும் பெட்டி. ‘தண்ணீர் நிறைந்துவிட்டது, மோட்டாரை நிறுத்தவும்’ என்று முழுசாகச் சொல்லவேண்டியது. போன மழையில் நனைந்ததிலிருந்து இரண்டாவது சொல்லின் பாதியைத் தாண்டாமல் திக்கிக்கொண்டிருந்தது. தினம் கேட்டுக் கேட்டு அவள் காதுக்கு அது சத்தமாகவே படாமல் போயிருந்தது.

“கேட்டியளா அக்கா?” என்றான் செந்தில்வேல் அவளைத் திரும்பிப் பார்த்து. “எல்லா வீட்டுலயும் இந்த மிசின் இருக்கு. ஆனா திக்கிப் பேசுத மிசின் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கும். சைரன் கேக்குத தூரத்துல இருக்க வீடு. காலையிலேருந்து ஏழு வீடு பாத்தாச்சு. எல்லா வீட்டுலயும் ரூம் கேட்டு, மோட்டார் போடச் சொல்லி...”

“ஏம்லே அவாட்ட போய்” என்றான் பேச்சிராஜ்.

“சொன்னா என்ன? ஒரு பொம்பள அக்கா, ஈ.கே.யைக் கேவலமாப் பேசுதவ. தெரிஞ்சா சொல்லட்டும். ஒங்களுக்கு அப்பிடி ஆரையும் தெரியுமா?”

உமா தலையை ஆட்டினாள். இல்லை.

மோட்டார் சீராக ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தினால் தெரிந்துவிடும். பெட்டி மாடிப்படிக்கு மேலே, ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில். பிளக்கும் கிடையாது, எலக்ட்ரீஷியன் நேரே வயரில் முறுக்கிவிட்டுப் போயிருந்தான். எப்போது வேண்டுமானாலும் அது வாயைத் திறக்கும்.

மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகளை எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள். இரண்டு குளியலறைகளிலும் குழாயைத் திறந்தாள். வாளியை நகர்த்தி, தண்ணீர் சுவரோரமாகச் சத்தமில்லாமல் இறங்கும்படி கையால் திருப்பிவிட்டாள். ஒரு பக்கம் ஏறட்டும், ஒரு பக்கம் இறங்கட்டும். நிறையாத டேங்க் பேசாது. பொறுமை கெட்டு அவர்களே போய்விடுவார்கள்.

இறங்கி வரும்போது வடிவம்மாள் டீயோடு வந்திருந்தாள். மேஜையைச் சுற்றிச் சினிமா ஓடிக்கொண்டிருந்தது.

“இந்த வருஷம் வந்த மூணு படத்தையும் தூக்கி நிறுத்தினது ஈ.கே.தான் ஆச்சி. ஹீரோ சும்மா நடந்து வாரான். அந்த நடைக்கு ஒரு பறை போட்டாரு பாருங்க, தியேட்டர்ல நாற்காலி இருந்தும் ஒருத்தன் ஒக்காரல.”

“ரெண்டாவது படத்துல கொஞ்சம் சத்தம் கூடத்தான்” என்றான் பேச்சிராஜ்.

“என்னலே கொஞ்சம்?”

“ஒண்ணுமில்ல.”

“இல்ல, சொல்லு. நீயும் சங்கரநாதன் கட்சியில சேந்துட்டியா? கெழட்டுப் புல்லாங்குழல்.”

“எனக்கு ஆரு மியூசிக்குன்னெல்லாம் தெரியாதுப்பா” என்றாள் வடிவம்மாள். “அழுக வரணும். இல்ல, அடி விழணும். ரெண்டும் இல்லன்னா தூங்கிருவேன். உமாம்மாட்ட கேளுங்க, பாட்டுன்னா அவா உசிரு. தொண்டை மட்டும் இப்பம் இருந்துது, ஒங்க ரெண்டு பேரையும் உண்டு இல்லன்னு ஆக்கிருவா.”

உமா டம்ளரைக் கீழே வைத்தாள். செந்தில்வேல் அவளை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

“அப்பிடியாக்கா? பாட்டுன்னா உசிரா?”

அவள் புன்னகைக்க முயன்றாள். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“அப்ப இதைப் பாருங்க.” அவன் போனை நீட்டினான். பாதி இறங்கிய ஷட்டர். தரையில் முழங்காலிட்ட பையன். கன்னம் வீங்கியிருந்தது. வாய் அசைந்துகொண்டே இருந்தது. அவன் குரலே கேட்கவில்லை. நூறு வயலின் கேட்டது, ‘ஏழாம் கொம்பு’ வயலின், அந்தத் தாய் கதவைத் திறக்கும்போது வருவது. “மியூசிக் சேத்தது நம்ம பேச்சிதான். சவுண்டு எடிட்டிங்குல எமன். சைரனையும் இவன்தான் கண்டுபிடிச்சான்.”

“பாவம், என்ன சொல்லி அழுதான்? ஒண்ணும் கேக்கலியே” என்றாள் வடிவம்மாள்.

பேச்சிராஜ் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டு சொன்னான்: “வயலின் கூடிப் போச்சு ஆச்சி.”

வடிவம்மாள் முகத்தைச் சுளித்து எழுந்தாள். இந்த வீடியோவெல்லாம் எனக்கு ஆகாது, மேலே மெத்தையைத் தட்டிப்போட்டுவிட்டு வருகிறேன் என்று படி ஏறினாள். குழாய்! உமா அவள் முந்தானையைப் பிடிக்கக் கை நீட்டினாள். எட்டவில்லை. கூப்பிட முடியாது. வடிவம்மாள் முழங்காலில் கை ஊன்றி ஊன்றி ஏறி மறைந்தாள்.

செந்தில்வேலுக்கு யாரோ கூப்பிட்டார்கள். போனைக் காதில் வைத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். “இன்னும் இல்லண்ணாச்சி. எட்டாவது வீடு. கெடைச்சதும் லைவ் போடுதோம்...” என்பது வரை கேட்டது.

கூடத்தில் பேச்சிராஜும் அவளும் இருந்தார்கள். அவன் சுவரைப் பார்த்தபடி எதையோ வாய்க்குள் முனகினான். தன்னை மறந்து முனகுகிற முனகல். உமாவுக்கு முதல் அடியிலேயே தெரிந்துவிட்டது. ‘தோணித்துறை’ படத்தின் படகுப் பாட்டு. சங்கரநாதன். இவனா! இரண்டாவது அடியின் முடிவில் மெட்டு, படகு கரையைத் தொடுவதுபோல் மெல்லச் சறுக்கி இறங்கவேண்டும். அவன் இறக்காமல் மொட்டையாக நிறுத்தினான். மறுபடியும் தொடங்கினான். மறுபடியும் மொட்டை.

மூன்றாம் முறை அவன் நிறுத்திய இடத்திலிருந்து யாரோ அதைச் சரியாக இறக்கி முடித்தார்கள். தாழ்ந்த, சற்றே கரகரத்த ஒரு ஹம்மிங்.

அது தன் தொண்டையிலிருந்து வந்தது என்பதை உமா அது முடிந்த பிறகுதான் உணர்ந்தாள்.

பேச்சிராஜ் அசையாமல் இருந்தான். ‘பெஞ்சு டிக்கெட்’டில் வாராவாரம் அக்கா அப்படித்தான் செய்வாள், சொல்லிப் புரியவைக்க முடியாத இடத்தில் பாடிக் காட்டிவிடுவாள். அவன் மெதுவாக முகத்தைத் திருப்பினான். அவள் பார்வையை விலக்க முடியாமல் நின்றாள். வாசலில் செந்தில்வேலின் சிரிப்புச் சத்தம். மோட்டாரின் இரைச்சல். அவன் மறுபடி அந்த இரண்டாவது அடியை, இப்போது சரியாக, உதட்டளவில் முனகிப் பார்த்துக்கொண்டான்.

தெரிந்துவிட்டது அவனுக்கு. இனி ஒரு வார்த்தைதான். ‘ஏலே’ என்று கூப்பிட்டால் போதும். இந்தத் தரையில், இந்த மேஜைக்குப் பக்கத்தில் முழங்கால் போடவேண்டும். விஜயசங்கர் அதை ஆபீசில் யாருடைய போனிலோ பார்ப்பார். உமா புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

படியில் வடிவம்மாளின் குரல் முன்னால் வந்தது.

“எந்தப் புண்ணியவான் வேலையோ, ரெண்டு பாத்ரூமுலயும் பைப்பைத் தெறந்து போட்டிருக்கு! அதான் இவ்வளவு நேரமாயும் நெறையல. அடைச்சிட்டேன். இன்னா, இப்பம் நெறைஞ்சிரும்.” டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டு அவள் கொல்லைப்புறம் கழுவப் போனாள்.

செந்தில்வேல் வாசற்படியில் நின்றுவிட்டான்.

“பைப்பு தெறந்து இருந்துதா?”

அவன் போனைச் சட்டைப்பைக்குள் போட்டான்.

“மேல போனது ஆரு?” அவன் கூடத்துக்குள் வந்தான். “அக்கா, விரிப்பு எடுத்துட்டு நீங்கதான போனிய?”

உமா பின்னால் நகர்ந்தாள். சுவர் முதுகில் இடித்தது.

“ஒரே ஒரு வார்த்தை பேசுங்களேன் அக்கா. தொண்டை கட்டினாலும் காத்தாவது வருமுல்லா. ‘ஆமா’ன்னு சொல்லுங்க. இல்ல ‘இல்ல’ன்னு சொல்லுங்க.”

அவன் முகம் அருகில் இருந்தது. ஏலக்காய் வாசம் அடித்தது, அவள் வீட்டு டீயின் வாசம். அவள் வாய் தானாகத் திறந்தது.

“நான்தாம்லே தெறந்தேன்” என்றான் பேச்சிராஜ்.

“நீயா?”

“ரூம் பாக்கப் போனேம்லா, அப்பம். தண்ணி வருதான்னு பாத்துட்டு அடைக்க மறந்துட்டேன்.”

“கூறுகெட்ட பயலே! அரை மணி நேரம் வீண்!”

“இரு, நான் போய் டேங்கைப் பாத்துட்டு வாரேன்.”

அவன் படியில் தாவி ஏறினான். உமா அவன் காலடிகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். படிவளைவில், பெட்டிக்கு நேர் கீழே, அவை ஒரு கணம் நின்றன. பிறகு ஏறின. இறங்கின.

“நெறைஞ்சு வழியுதுலே. இங்கன அலாரமே கெடையாது. பொத்தாம்போக்குல மோட்டாரைப் போடுத வீடு. வா, அடுத்ததைப் பாப்போம்.”

“வழியுதா?”

“நனைஞ்சுட்டே வந்திருக்கேன், பாரு.” சட்டைக் கையைக் காட்டினான். ஈரம்தான். சாரல் ஈரமா, டேங்க் ஈரமா, எது என்று யார் சொல்வது.

செந்தில்வேல் இன்னும் உமாவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தோளைக் குலுக்கினான். “தொண்டைக்கு மிளகுப்பால் குடிங்க அக்கா” என்று சொல்லிவிட்டு வெளியே போனான். பேச்சிராஜ் ஸ்பீக்கரை எடுத்துக்கொண்டான். அவள் பக்கம் திரும்பவில்லை.

அவர்கள் கேட்டைத் தாண்டுவதை உமா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். செந்தில்வேல் பைக் சீட்டின் ஈரத்தைத் துடைத்தான். சாவியைத் தேடினான். ஒரு பாக்கெட்டில் இல்லை. இன்னொன்றில் இல்லை. போயேன், போயேன் என்று அவள் உள்ளங்கையில் நகம் பதிந்தது.

தலைக்கு மேலே ஒரு ‘டிங்’.

‘தண்ணீர் நிறை...’

பைக் அருகே இரண்டு தலைகளில் ஒன்று விருட்டென்று நிமிர்ந்தது, பேச்சிராஜுடையது. மறுகணம் ஸ்பீக்கரிலிருந்து நூறு வயலின் வெடித்துக் கிளம்பியது. முழுச் சத்தத்தில். எதிர்வீட்டு நாய் குரைத்தது. தெருவே அதிர்ந்தது.

“ஏம்லே! செவிடாக்கிருவ போலிருக்கே! இப்பம் எதுக்குலே இது?”

“கேக்கணும்னு இருந்துது! நம்ம தலைவர் பாட்டைக் கேக்கக் கூடாதா?”

“கொறைலே!”

“வண்டியை எடு மொதல்ல! கெளம்பு!”

உமா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டி திக்கிக்கொண்டே இருந்தது; அது அவளுக்கு மட்டும் கேட்டது. வெளியே வயலின்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒரு துளி இடம் விடாமல் எல்லாவற்றையும் மூடின. நிறுத்தாதே என்று வேண்டிக்கொண்டாள். எட்வின் கதிரின் ஒரு பாட்டு முடியக் கூடாது என்று அவள் நினைத்தது அதுவே முதல் தடவை. சாவி கிடைத்தது. பைக் சீறியது. வயலின்கள் ஐந்தருவிப் பக்கம் திரும்பி, ஈரக் காற்றில் சிறுத்துச் சிறுத்துப் போயின. அவை போன பாதையில், ஒன்பதாவது வீட்டில், யாரோ ஒரு பெண் கதவைத் திறப்பாள் என்று அவள் நினைத்தாள்.

ஜன்னல் திண்டில் வைத்திருந்த போன் அதிர்ந்தது; எடுத்தாள். பர்சானா.

“உமாக்கா? என்ன, போனையே எடுக்கல? பயந்துட்டேன்.” பிறகு ஒரு நொடி காது கொடுத்துக் கேட்டாள். “இருங்க, இருங்க. தூரத்துல கேக்குதது ‘ஏழாம் கொம்பு’ வயலின்லா? யா அல்லா! நீங்களா போட்டுக் கேக்குதிய? நான் அன்னைக்கே சொன்னேம்லா!”

உமா வாயைத் திறந்தாள். அவர்கள் போய்விட்டார்கள், இனி பேசலாம். தொண்டையைக் கனைத்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் முயன்றாள். வெறும் காற்றுத்தான் வந்தது.

“உமாக்கா? பேசுங்க அக்கா. ஏன் பேச மாட்டேங்கிய?”

‘தண்ணீர் நிறை...’ என்றது பெட்டி. ‘தண்ணீர் நிறை... தண்ணீர் நிறை...’

“அக்கா!”